நான் போட்டது வேற

மனிதர்களில் "கெடுத்துட்டாங்க" என்று ஓர் இனம் உண்டு. இந்த இனத்தைச் சேர்ந்தவர் ஏதோ ஒன்றைத் தொடங்கியிருப்பார், அது பிரமாதமாக வந்துகொண்டிருக்கும், கடைசி நேரத்தில் யாரோ உள்ளே புகுந்து அதில் கை வைத்திருப்பார்கள், அதோடு போச்சு. சமையற்காரராக இருந்தால், அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் யாரோ சாம்பாரில் இன்னொரு கரண்டி உப்பைப் போட்டிருப்பார்கள். சினிமாக்காரராக இருந்தால், கோடம்பாக்கத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் அவர் உங்கள் தோளில் கை போட்டு, தான் சொன்ன கதை என்ன, திரையில் வந்த கதை என்ன என்று விளக்குவார். டீக்கு நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள். ஆனால் இதெல்லாம் கிளை வகைகள். கலப்படமில்லாத அசல் சரக்கு வேண்டுமென்றால் நீங்கள் ஓர் அரசாங்க ஆர்க்கிடெக்டைத் தேடிப் போக வேண்டும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மணமேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான். சுவரைக் கடக்கும்போது விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டி, உதட்டைப் பிதுக்கி, "ம்" என்பார். சொந்தக்காரர்கள் அவருடைய படிப்பை மதித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: "எங்க மாடிப்படி வாஸ்துப்படி சரியா இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்." எந்த அரசுக் கட்டடத்துக்கு வேண்டுமானாலும் போய் வாசலில் இருக்கும் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். திறந்து வைத்தவர் பெயர் இருக்கும், தலைமை தாங்கியவர் பெயர் இருக்கும், முன்னிலை வகித்தவர்கள் பெயர் ஒரு முழத்துக்கு இருக்கும், விழாவுக்கு வராதவர் பெயர்கூட இருக்கும். வரைந்தவர் பெயர்? அவர் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, கையில் கொடுத்த மிக்சர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்.

நம்முடைய ஜவஹர் சாரை எடுத்துக்கொள்வோம். தியாகராய நகரில் பாத்திரக்கடைக்காரரின் மகன். கட்டடக் கலை படிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, "எவர்சில்வர் குடத்துக்கு மேல உனக்கு என்னல வடிவம் வேணும்?" என்று அப்பா கேட்டார். மகனுக்குச் சுருக்கென்றது. ரோஷம். அந்த ரோஷத்தோடு படித்து, அந்த ரோஷத்தோடு அரசாங்க வேலையில் சேர்ந்தார். எந்தத் துறை என்று கேட்காதீர்கள். எந்தத் துறையாக இருந்தாலும் கதை ஒன்றுதான்.

சேர்ந்த அன்றைக்கு அவர் மேசையில் வைக்கப்பட்டது டைப் டிசைன். அதாவது, ஒரு தரம் வரைந்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்ட படம். கும்மிடிப்பூண்டியில் பள்ளிக்கூடம் வேண்டுமா, அந்தப் படம். கன்னியாகுமரியில் ஆஸ்பத்திரி வேண்டுமா, அதே படம், பெயர்ப்பலகை மட்டும் வேறு. முன்னால் இரண்டு தூண், தூண்மேல் ஒரு போர்டிகோ, காரில் வந்து இறங்குகிறவர்கள் நனையாமல் இருப்பதற்காக. நடந்து வருகிறவர்கள்தான் ஊரில் அதிகம். அவர்கள் நனையலாம்.

இளம் ஜவஹர் இதை எதிர்த்து ஜன்னலை அகலமாக்கிப் பார்த்தார். வெட்டினார்கள். வராந்தாவை நீட்டினார். வெட்டினார்கள். அப்போதுதான் அவருக்கு ஒரு ரகசியம் புரிந்தது. மேலே இருப்பவர்கள் எதையாவது வெட்டியாக வேண்டும். வெட்டாவிட்டால் படத்தை அவர்கள் பார்த்ததாகவே அர்த்தமில்லை. ஆகவே வெட்டுவதற்கென்றே ஒன்றைப் படத்தில் வைக்க வேண்டும். அலுவலகத்தில் இதற்குப் பலிகடா என்று பெயர். ஆஸ்டல் கட்ட வேண்டுமா, உச்சியில் ஒரு பெரிய மாடத்தை வரைந்து அனுப்புவார். மேலதிகாரி சிவப்பு மையால் மாடத்தை அடித்து, அரசாங்கத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு கையெழுத்துப் போடுவார். மாடத்துக்குக் கீழே ஒளிந்துகொண்டிருந்த அகல ஜன்னல்கள் உயிர் தப்பும். கட்டும்போது வேறு யாராவது அவற்றைக் கொல்வார்கள் என்பது வேறு கதை.

இப்படியே அவர் தலை நரைத்தது.

"ஏங்க, அந்த ஆஸ்டல் நீங்க போட்டதுதானே?" என்று ஆட்டோவில் போகும்போது அவர் மனைவி தங்கபுஷ்பம் கேட்பார்.

"நான் போட்டது வேற, கட்டினது வேற."

"அடையாறுல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, அந்த மஞ்சக் கட்டடம்?"

"அதைப் பத்திப் பேசாத புஷ்பம்."

தங்கபுஷ்பம் பேசமாட்டார். அவருக்கு இரண்டு அண்ணன்கள், பாண்டி பஜாரை ஒட்டி நாலு மாடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி, "இது நம்மது" என்று கையை நீட்டுவார்கள். தங்கபுஷ்பத்துக்கும் ஒரு கை இருக்கிறது. நீட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. "ஒண்ணே ஒண்ணு, நீங்க போட்டபடியே நிக்கிற மாதிரி ஒண்ணு காட்டிட்டு ரிட்டயர் ஆகுங்க. அது போதும் எனக்கு," என்பார். சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த நேரத்தில் அவர் கண்ணைப் பார்க்கிற தைரியம் ஜவஹருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

காட்டுவதற்கு ஒன்று அவர் மனதில் இருக்கத்தான் செய்தது. நடுவில் ஒரு மரம். மரத்தைச் சுற்றித் திறந்த முற்றம். முற்றத்தைச் சுற்றி அறை. உள்ளே உட்கார்ந்திருப்பவர் மேல் வெயில் படாது, ஆனால் வெளிச்சம் படும்; மழை பெய்தால் கைக்கெட்டும் தூரத்தில் பெய்யும். கல்லூரியிலிருந்தே சுமந்துகொண்டிருக்கும் காதல். கல்யாணத்துக்கு முந்தியது. தங்கபுஷ்பத்துக்கும் தெரியும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், லாவண்யா என்ற இளம் அதிகாரி துறைக்குத் தலைமையேற்று வந்தார். ஜவஹரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவே அவருக்குப் பழக்கமில்லை. நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சார், மயிலாப்பூர்ல லஸ் பக்கத்துல ஒரு சந்துக்குள்ள நமக்கு இடம் இருக்கு. நடுவுல ஒரு புங்க மரம் நிக்குது, பாத்திருப்பீங்க. அங்க ஒரு வாசகசாலை வருது. டைப் டிசைன் வேண்டாம். உங்க மனசுல என்ன இருக்கோ அதைப் போடுங்க."

"சரிங்க மேடம். கமிட்டிக்கு எப்ப வைக்கணும்?"

"கமிட்டி கிடையாது."

"அப்ப யார் திருத்துவாங்க?"

"யாரும் திருத்த மாட்டாங்க. நீங்க போடறதுல ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க சார். அது என் வாக்கு. நான் எழுத்துலயே குடுத்துடறேன்."

வாசகர்களே, ஜவஹர் வெளியே வந்து வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆயுள் முழுக்க ஒரு கதவை முட்டிக்கொண்டிருந்தவனுக்கு, கதவு திறந்ததும் முதலில் என்ன நடக்கும்? கீழே விழுவான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் தங்கபுஷ்பம் அழுதார். அழுகையோடு பால் பாயசம் வைத்தார். அண்ணன்களுக்குப் போன் போட்டு, "இன்னும் நாளு குறிக்கல, ஆனா குடும்பத்தோட வந்துரணும்," என்று இப்போதே அழைத்துவிட்டார். ஜவஹர் ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைத் தொடாமல், பழைய டிரேசிங் பேப்பரை விரித்து, பென்சிலைச் சீவி உட்கார்ந்தார். முதலில் மரத்தை வரைந்தார். மரத்தைச் சுற்றி முற்றம், முற்றத்தைச் சுற்றி அறை, அறைக்குத் தாழ்ந்த கூரை. இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்த கோடுகள் அவரைக் கேட்காமல் கையிலிருந்து இறங்கின. ஒரு சொட்டுக் கண்ணீர் காகிதத்தில் விழுந்தது. நல்லவேளை, கழிவறைப் பக்கம் விழுந்ததால் சேதமில்லை.

முடித்தவர், பென்சிலைக் கீழே வைத்திருக்க வேண்டும்.

வைக்கவில்லை. பழக்கதோஷம். முகப்பின் மேல் ஒரு மயிலிறகுப் பேனாவை வரைந்தார். சின்னப் பேனா இல்லை. விரித்த புத்தகம் ஒன்று கான்கிரீட்டில், அதன் நடுவில் செங்குத்தாக நட்ட மாதிரி ஒரு மயிலிறகுப் பேனா, கட்டடத்தைவிட இரண்டு மடங்கு உயரம், உச்சியில் நீலமும் பச்சையுமாகக் கண். மயிலாப்பூர் என்பதால் மயில், வாசகசாலை என்பதால் பேனா. பார்த்த மாத்திரத்தில் எந்த அதிகாரியின் கையும் சிவப்பு மையைத் தேடும். அருமையான பலிகடா. யாரும் வெட்டப் போவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்களே என்கிறீர்களா? அரசாங்கத்தில் எத்தனை வாக்கு பார்த்தவர் அவர்.

மறுநாள் படத்தைச் சுருட்டிக்கொண்டு மதிப்பீட்டுப் பிரிவு எஞ்சினியர் பத்ரிநாராயணனிடம் போனார். ஜவஹருடைய படங்களில் ஆட்சேபணை எழுதுவதற்காகவே பிறந்தவர் என்று அலுவலகமே நம்பிய மனிதர். பத்ரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பேஷ். மரத்தைச் சுத்தி உக்காந்துண்டு பேப்பர் படிக்கறதா? நான் ரிட்டயர் ஆனப்பறம் ஆத்துல இருக்கப் போறதில்லை ஓய், இங்கதான்."

ஜவஹர் திடுக்கிட்டார். "ஆடிட்ல கேப்பானே சார். திறந்த இடத்தைக் கட்டடம்னு எப்படிக் கணக்கு காட்டினீங்கன்னு."

"கேக்கட்டுமே. அந்தம்மாவே எழுதிக் குடுத்துட்டா. நமக்கென்ன போச்சு?"

"இலை விழும்."

"மரம்னா இலை விழாம இட்லியா விழும்?"

"மழை உள்ள வரும்."

"மெட்ராஸ்ல மழை வந்தா கும்பிட்டுக்கணும்."

"அப்ப உங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லையா?"

"இல்லைங்கறேன், அந்தப் பேனாவையும் சேத்துத்தான். நீர் ஏன் அழப்போற மாதிரி நிக்கறீர்?"

ஏன் என்று ஜவஹருக்கே தெரியவில்லை. இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஆட்சேபணை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று நீங்களும் நானும் நினைப்போம். அவருக்கோ, ஆட்சேபணை இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம். எங்கிருந்தோ கிளம்பி வந்துகொண்டிருக்கிறது, அது வருவதற்குள் பதில் தயாராக இருக்க வேண்டும். எனவே முதல் படத்தை இழுப்பறையில் வைத்துவிட்டு, புதுக் காகிதத்தில், இலையைக் கூட்டுவது யார் என்ற கேள்விக்குப் பதிலாக முற்றத்தைக் கொஞ்சம் சுருக்கினார், சுருங்கிய முற்றத்தில் தண்ணீர் தேங்கும் என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் அதன்மேல் ஷீட் போட்டார், ஷீட் போட்ட பிறகு மரம் எங்கே போகும் என்று கேட்பார்களே என்று மரத்தைக் காம்பவுண்டு ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளியாக நகர்த்தினார், மரம் போன இடம் எதற்கு வெறுமனே என்று கேட்காமலிருக்க அதை அலமாரி அறை என்று எழுதினார், அலமாரி அறை வந்தபின் வெளிச்சத்துக்கு டியூப்லைட் காட்டினார், இத்தனையும் ஆன பிறகு வாசலில் நின்று பார்த்தால் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது, இரண்டு தூண் வைத்து ஒரு போர்டிகோ போட்டார்.

இப்போது படம் யாரும் எதுவும் சொல்ல முடியாததாக ஆகிவிட்டது.

பேனாவை மட்டும் அவர் தொடவில்லை. அது மேலிடத்துக்குப் படைத்தது. அதை வெட்டுவதற்கு அவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

லாவண்யா படத்தை மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். ஜவஹர் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாளின் கண் பேனாவின் அடியில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறி உச்சிக்குப் போய், அங்கேயே நின்றது. வெட்டப் போகிறார். ஜவஹருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"மேடம், மேல இருக்கறது வேண்டாம்னா எடுத்துடலாம்."

லாவண்யா ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "இல்ல சார். வாக்கு குடுத்திருக்கேன். எனக்குப் பிடிக்குதா இல்லையாங்கறது முக்கியமில்ல."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"சொல்ல மாட்டேன். கலைஞருங்க கிட்ட அதிகாரிங்க சொல்லிச் சொல்லித்தான் இந்த ஊர் இப்படி இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். அங்க ஒரு மரம் இருந்துச்சே. நீங்க அதை நடுவுல வச்சு ஏதாவது செய்வீங்கன்னு நினைச்சேன்."

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் ஒரு கேள்வியின் வடிவில் அவன் முன்னால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. முதல் படம் அவர் மேசையின் கீழ் இழுப்பறையில் கிடக்கிறது. மாடி இறங்கிப் போய் எடுத்து வர வேண்டியதுதான். "இருக்கு மேடம்" என்று இரண்டு சொல். தங்கபுஷ்பம் கையை நீட்டிவிடுவார்.

"மரம்னா ஆடிட்ல கேப்பாங்க மேடம்," என்றார் ஜவஹர்.

"கேட்டா நான் பாத்துக்கறேன்."

"எதுக்கு மேடம் உங்களுக்கு வம்பு. இப்படியே இருக்கட்டும்."

லாவண்யா கையெழுத்துப் போட்டார். எதையும் அடிக்கவில்லை.

வேலையை எடுத்தவர் ராயப்பேட்டை தௌஃபீக். பள்ளிக்கூடம், தண்ணித் தொட்டி, சுற்றுச்சுவர் என்று கட்டியே சலித்துப்போன காண்டிராக்டர். படத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்தது.

"இன்னா சார் இது, மேல இம்மாம் பெரிய பேனா கீது. நெஜமாவே கட்டணுமா?"

"மேலிடத்துல ஓகே பண்ணிட்டாங்கப்பா."

"நம்ம வாப்பா காலத்துலேர்ந்து கவர்மெண்டு வேலை எடுக்கறோம் சார், இத்த மாதிரி ஒண்ணு பாத்ததில்ல. உடுங்க, அசத்திடலாம். கோடம்பாக்கத்துல சினிமா செட்டு போடற ஆளுங்க நமக்குத் தெரிஞ்சவங்கோ. இறகு ஒண்ணொண்ணும் தனித்தனியா தெரியும்."

"ரொம்ப மெனக்கெடாதீங்க தௌஃபீக். கொஞ்சம் சின்னதா வந்தாக்கூடப் பரவாயில்ல."

"இன்னா சார் நீங்க. நீங்க போட்டத நான் சின்னதாக்குவனா? அந்தப் பாவம் நமக்கு வாணாம்."

எல்லா காண்டிராக்டர்களும் எல்லாக் காலத்திலும் செய்த ஒரு காரியத்தை, ஜவஹருக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு தடவை, இந்த மனிதர் செய்ய மறுத்தார். அனுமதி வாங்கி மரத்தை வெட்டினார்கள். ஜவஹர் அன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

திறப்பு விழாவுக்கு அண்ணன்கள் இரண்டு கார் நிறையக் குடும்பத்தோடு வந்தார்கள். தங்கபுஷ்பம் மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினர் பேனாவைப் புகழ்ந்தார். கூட்டம் பேனாவோடு செல்ஃபி எடுத்தது. காக்கைகள் ஏற்கெனவே உச்சிக்குக் குடிவந்துவிட்டன. உள்ளே பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. பேப்பர் படிக்க வந்த பெரியவர் ஒருவர் உள்ளே போய் வேர்த்துக்கொண்டு வெளியே வந்து, எதிர்க் கடையின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படித்தார்.

"மாப்ள, பிரமாதம். நம்ம கடை மேலயும் இதே மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்க, ஒரு பெரிய சேல மடிப்பு," என்றார் பெரிய அண்ணன். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் கொடுமை.

கூட்டம் கலைந்ததும் தங்கபுஷ்பம் வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கணவரின் பக்கத்தில் வந்து, அண்ணன்கள் காதில் விழாதபடி, தாலி கட்டிய நாளிலிருந்து கற்றுக்கொண்ட பரிவெல்லாம் குரலில் சேரக் கேட்டார்:

"யாருங்க இதுல கை வச்சது?"

ஜவஹர் வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்தில் நின்ற தௌஃபீக் முந்திக்கொண்டார், முகமெல்லாம் பூரிப்பு.

"யாரும் கை வெக்கலமா. சார் இன்னா போட்டாரோ அதான் நிக்குது. ஒரு நூல் மாத்தல. வேணும்னா படத்த வெச்சுப் பாருங்கோ."

தங்கபுஷ்பம் தௌஃபீக்கைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். "அப்படியா, ரொம்ப சந்தோஷம் தம்பி," என்றார். அண்ணன் மகள் சிந்து ஓடிவந்து, "அத்தை, இது மாமா கட்டினதா?" என்று கேட்டபோது, கையை நீட்டி, "ஆமா, நம்ம மாமாதான்," என்று காட்டவும் செய்தார். நீட்டிய கை உடனே முந்தானைக்குள் போய் ஒளிந்ததை ஜவஹர் மட்டும் பார்த்தார். கல்லாக இருந்தாலும் கரைந்திருக்கும். அவர் கல் இல்லை, கான்கிரீட். கரையாது.

ஆட்டோ லஸ்ஸைத் தாண்டி ஆழ்வார்பேட்டைப் பக்கம் திரும்பியது. அந்தத் தூரத்துக்குள் அவருடைய ஆயுட்கால அனுபவம் முழுவதும் வேலை செய்தது.

"அந்தம்மா ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருக்கலாம் புஷ்பம்," என்றார்.

தங்கபுஷ்பம் திரும்பினார்.

"படத்தைப் பாத்தாங்க, பிடிக்கலைன்னு முகத்துலயே தெரிஞ்சுது. ஆனா வாயே திறக்கல. தடுக்கறதுக்கு ஒரு ஆள் வேண்டாமா? உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னு சொல்லியே..." அவருக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. "கெடுத்துட்டாங்க."

தங்கபுஷ்பம் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஆமாங்க," என்றார். பிறகு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அரசாங்க வேலையில் இல்லை, கோடு போடத் தெரியாது, உங்கள் தெருவில் பேனா எதுவும் முளைக்கவில்லை. ஆனாலும் போவதற்கு முன் ஒன்று கேட்கட்டுமா? யாராவது கடைசியாக உங்களிடம் "உன் இஷ்டப்படி செய், நான் குறுக்கே வரமாட்டேன்" என்று சொன்னார்களே, அது மனைவியோ, மேலாளரோ, பெற்ற பிள்ளையோ, அப்போது நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். அடடா, வேண்டாம். பதிலில் எதை விட்டுவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது என்று இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டீர்கள்.